சின்னப்பராஜின் பொறியில் தூங்கிய பன்றிகள்

தருமபுரி தனி ஜில்லாவான இரண்டாம் வருடம், தை மாதத்தில், சின்னப்பராஜ் செய்த பொறியில் விழுந்த காட்டுப்பன்றி அப்படியே படுத்துத் தூங்கிப்போனது. அதன்பின் அது எழவும் இல்லை, சாகவும் இல்லை. கதவு விழுந்த வேகத்தில், பாரத்துக்காக அதன் மேல் கட்டியிருந்த ஆட்டுக்கல் குழவி இரண்டாக உடைந்தது. தூங்குகிற பன்றியைப் பார்க்க ஏரியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சின்னப்பராஜின் மனைவி ராஜமேரிக்குக் குழவி போன வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

மூன்று வருடமாக அவர்களுடைய இரண்டு ஏக்கர் நிலக்கடலையைப் பன்றிகள்தான் அறுவடை செய்துகொண்டிருந்தன. ஊரில் பாதி வீடு பூட்டிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தது. ராஜமேரியின் தங்கை லூர்துமேரியும் போனாள். அவள் செத்த செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்து குடகு என்ற பேச்சை யாராவது எடுத்தால் ராஜமேரி எழுந்து போய்விடுவாள். இன்னும் ஒரு வெள்ளாமை போனால் நாமும் போகவேண்டியதுதான் என்று சின்னப்பராஜ் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவரே பொறி செய்யவும் உட்கார்ந்தார்.

முதலில் குழி வெட்டித் தழை பரப்பினார். பன்றிகள் புது மண் வாசனைக்குச் சுற்றிப் போயின. பக்கத்து வெள்ளாமைக் காட்டு மாதையன் மட்டும் விழுந்தார். பன்னிக்கு இருக்கற அறிவு எனக்கு இல்லாமப் போச்சேப்பா என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தார். அடுத்து வைத்த கம்பிச் சுருக்கை ஒரு பன்றி கழுத்தில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனது. அதற்கடுத்து வேலங்கால்களை நெருக்கமாக நட்டு, ஆட்டுப்பட்டி மாதிரி வளைத்து, வாசலில் கதவாக ஒரு படலைத் தூக்கிக் கட்டினார். உள்ளே குச்சியில் மரவள்ளிக்கிழங்கு. கிழங்கை இழுத்தால் குச்சி நழுவும், படல் விழும். ஒரு கிழட்டு ஒற்றைப் பன்றி விழுந்த படலை மூக்கால் நெம்பித் தூக்கிவிட்டு, கிழங்கோடு வெளியே போனது. படலை நெம்ப முடியாதபடி இரண்டு பக்கமும் இரட்டைக் கால் நட்டு இடையில் இறக்கினார். மேலே குழவியைக் கட்டினார். அடியில் தோண்டாதபடி சுற்றிலும் கல் புதைத்தார். ஆள் வாடை போகட்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்கக் கிட்டேயே போகவில்லை. அதற்குப் பிறகு பன்றிகளும் கிட்டே போகவில்லை.

அப்போதுதான் ராஜமேரி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். கோவிலில் வனத்து அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பன்றி உண்டு. வானதூதர் மிக்கேல் சம்மனசின் காலடியில் பிசாசு கிடப்பது போல இதுவும் கிடக்கிறது, பன்றியை அடக்கிய புனிதர் இவர்தான் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தாள். விழுகிற முதல் பன்றி உமக்கு என்று நேர்ந்துகொண்டு, அவருடைய திருநாளன்று அவர் படத்தைப் படலில் கட்டினாள். அன்றே பன்றி விழுந்தது. கோவில் உபதேசியார் சவுரியப்பன் வந்து பன்றியையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார்.

"அது அவரு வளத்த பன்னி, ராஜமேரி. யாருகிட்டப் போயி யாரைப் புடிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கற?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? யாரும் சொல்லலீங்களே."

நேர்ந்ததைத் திருப்பி வாங்க முடியாது என்று சொல்லிவிட்டு உபதேசியார் போனார். சும்மா படுத்திருக்கிற பன்றியை விடுவானேன் என்று மாதையன் கோடாரியோடு உள்ளே இறங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடி கொட்டாவி விட்டார். பன்றி மேல் சாய்ந்து மத்தியானம் வரை தூங்கினார். கல்யாணத்துக்கு அப்புறம் இப்படித் தூங்கியதில்லை என்று எழுந்து வந்து சொன்னார். ஆயுதத்தோடு இறங்கிய எல்லோருக்கும் அதே கதைதான். பாரஸ்ட் கார்டு ஒருவர் வந்து, தூங்குகிற பன்றியை எந்த ஃபாரத்தில் எழுதுவது என்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்.

படத்தை அவிழ்த்த பிறகும் பன்றிகள் வந்தன. கிழங்கு வைக்காமலே வந்தன, படலைக் கழற்றிய பிறகும் வந்தன. வந்து, இடம் பார்த்துப் படுத்துக்கொண்டன. 1970இல் பத்தொன்பது. இப்போது சின்னப்பராஜின் பாடெல்லாம் அவற்றை வெளியே எடுப்பதில் போனது. வடம் கட்டி மாட்டை விட்டு இழுத்தார். மாடுகள் மண்டி போட்டன. தப்பட்டை அடிக்க ஆள் கூப்பிட்டார். அடித்தவர்கள் கை சளைத்ததுதான் மிச்சம். படுக்க இடம் போதாமல் வருடா வருடம் வேலங்கால்களைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்டார். இந்த வருசம் எத்தனை உழவுச்சால் போகுது என்று ராஜமேரி கேட்பாள். நாலு என்பார், ஆறு என்பார். வெளியே நிலக்கடலையைத் தின்ன இப்போது பன்றி இல்லை, ஆனால் நிலக்கடலை போடக் காடும் இல்லை. 1974இல் நாற்பத்து மூன்று பன்றிகள் இரண்டு ஏக்கரையும் அடைத்துப் படுத்திருந்தன. அந்த வருடம் மழையும் இல்லை.

குடகுத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி வந்து இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போனார். திங்கட்கிழமை லாரி வரும். சின்னப்பராஜ் தகரப் பெட்டியைக் கட்டினார். ராஜமேரி சனிக்கிழமை காலையில் விதைக்கடலையை முறத்தில் எடுத்துக்கொண்டு, களைக்கொத்தோடு பட்டிக்குள் இறங்கினாள். களைக்கொத்தும் ஆயுதம்தானே, தூங்கிவிட்டால்கூடத் தேவலை என்று நினைத்தாள். தூக்கம் வரவில்லை. முதுகுக்கும் முதுகுக்கும் நடுவில் குழி போட்டுக் கடலை ஊன்றிக்கொண்டே போனாள்.

சின்னப்பராஜ் வெளியே நின்று கேட்டார்: "பன்னி படுத்திருக்கற எடத்துல எவளாச்சும் வெதப்பாளா?"

"ஏனுங்க, அதுங்க போவாது. நானும் போவல. நீங்க போறதுன்னா போயிட்டு வாங்க."

உனக்கு எது சொன்னாலும் ஏறாது என்றார். பிறகு இறங்கி, அவள் போட்ட குழிகளைக் காலால் மூடிக்கொண்டே பின்னால் வந்தார். திங்கட்கிழமை லாரி வேறு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

நாற்பத்து மூன்று பன்றிகள் விட்ட மூச்சில் அந்த மண் காயவே இல்லை. ஊரெல்லாம் தரிசாகக் கிடந்த வருடத்தில் அங்கே மட்டும் கடலை முளைத்தது, பூத்தது, மண்ணுக்குள் விழுது இறக்கியது. வேலங்கால்களைச் சின்னப்பராஜ் பிடுங்கி அடுப்புக்குக் கொடுத்தார். களை எடுக்க வந்த பெண்கள் முதல் நாள் பயந்தார்கள். இரண்டாம் நாள் பன்றி முதுகில் சோற்றுத் தூக்குப்போசியை வைத்துவிட்டுக் குனிந்தார்கள். ராஜமேரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடைசிச் சாலில் ஒரு பன்றி செடியை ஒட்டிப் படுத்திருந்தது.

"செத்த தள்ளிப் படு" என்றாள்.

அது கண்ணைத் திறக்காமல் புரண்டு தள்ளிப் படுத்தது. அது படுத்திருந்த சூட்டிலேயே உட்கார்ந்து, அங்கிருந்த கோரையை வேரோடு பிடுங்கினாள்.