சின்னவளின் அரை மணி நேரம்

சின்னவளின் அறைக்குள் பெரியவள் கதவைத் தட்டாமல் நுழைந்தது அன்றைக்குத்தான். கூடத்தில் கிடத்தியிருந்த சின்னவளின் உடம்பின் மேல் போர்த்த நல்லதாக ஒரு சால்வை வேண்டும் என்று கொழுந்தன் கேட்டிருந்தான். கேட்டுவிட்டு அவன் மறுபடியும் மனைவியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது பெரியவளுக்குத்தான் தெரியும். அதனால் அவள்தான் வர வேண்டியிருந்தது.

காலையிலிருந்து அவள் உட்காரவேயில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி, தேநீர், மருத்துவர் கொடுத்த சான்றிதழுக்கு நகல், வாசலில் இடறும் செருப்புகள் என்று காலில் சக்கரம் கட்டிய மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவி இவள், தம்பி மனைவி அவள். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இத்தனை வருஷம் ஓட்டியவர்கள். இன்றைக்கும் பார், அவள் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், நான் டம்ளர் கழுவுகிறேன் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. யாராவது கேட்டிருப்பார்களோ என்பதுபோலப் பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தவள். முந்தின நாள் அங்கேயே, யாருக்கோ சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் சாய்ந்துவிட்டாள். வாரத்தில் ஆறு நாள் வேலை அவளுக்கு. கூரியர் அலுவலகத்தில் பெரியவளுக்கும் ஆறு நாள்தான். ஆனால் சின்னவள் வீடு திரும்பியதும் முகம் கழுவுவாள், தன் பங்குக் காய்கறியை நறுக்கி வைப்பாள், பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம். கிளினிக்கில் கூட்டம் நெருக்கித்தள்ளிய வாரமானாலும், கொழுந்தன் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்த வாரமானாலும் அது தவறியதில்லை. உள்ளே அவள் கம்பளி நூலில் எதையாவது பின்னுவாள். பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிப்பது பெரியவளின் மகள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது அங்கேதான். சாத்திய கதவுக்குப் பின்னால் மகளின் குரல் ஏறி இறங்கும். திடீரென்று இருவரும் சிரிப்பார்கள். துவைத்த துணியைக் கொடுக்கிற சாக்கில் பெரியவள் கதவைத் தட்டுவாள், சிரிப்பு நின்றுவிடும்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. கதையில ஒரு இடம்."

அந்த இடம் எது என்று அவள் சொன்னதில்லை.

"உனக்கு மட்டும் எப்படித்தான் நேரம் கிடைக்குதோ, மகராசி" என்று ஒருமுறை சின்னவளைக் குத்திப் பார்த்தாள்.

"பாத்திரம் ஊறட்டும்னு விட்டுட்டு வந்துடறேன்க்கா. அது எங்க எழுந்து போயிடப் போவுது?"

எங்கேயும் போகவில்லைதான். ஊறிய பாத்திரத்தைப் பெரியவளே தேய்த்துக் கவிழ்த்தாள். அவளுக்கும் படிக்கப் பிடிக்கும். வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினாள். வேலை ஓயட்டும், மகள் பரீட்சை முடியட்டும் என்று பிரிக்காமல் சேர்த்துவைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அந்த ரப்பர் பேண்டும் இற்றுப்போனது.

சால்வை அலமாரியில் மேல் தட்டிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் நாற்காலிமேல் அதைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் பாதி பின்னியது, குறுக்கே இரண்டு எஃகு ஊசிகள். பக்கத்தில் நூலகப் புத்தகம் குப்புறக் கிடந்தது.

மகள் காலையிலிருந்து சித்தியின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முகம் அதைத்துக் கண் சின்னதாகிவிட்டது. போன மாதம் பெரியவளுக்கே காய்ச்சல் வந்து நாலைந்து நாள் படுத்திருந்தபோது இந்தப் பெண் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, "வேற ஏதாவது வேணுமா?" என்று வாசற்படியில் நின்றே கேட்டாள். நான் போனால் இப்படி அழுவாளா என்ற கேள்வியைக் காலையிலிருந்து பெரியவள் எத்தனை தடவை விழுங்கினாளோ.

இந்தப் பின்னலை மகள் கேட்பாள். தன் கட்டிலுக்குக் கொண்டுபோவாள். இனிமேல் சாயங்காலத்தில் இதையும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள்.

பெரியவள் அதை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து சால்வையைப் போர்த்திவிட்டு, பின்னலைச் சின்னவளின் நெஞ்சின்மேல், மடித்த கைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவ ஆசையா பண்ணிக்கிட்டிருந்தது. அவளோடயே போகட்டும்" என்றாள்.

எதிர்வீட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருக்கு இது தோணும்? கூடப் பிறந்தவகூட இப்படி நினைக்க மாட்டா. பெரிய மனசு உங்களுக்கு."

மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, அது எனக்கு வேணும்."

"அவ பொருளு. அவளோட போறதுதான் மரியாதை."

மகள் அம்மாவையே பார்த்தாள். டீச்சருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரியவள் ஏற்கனவே நேராக இருந்த சால்வையை இன்னொரு முறை நேராக்கினாள்.

மயானத்துக்குப் போகும் வண்டி வந்தது. ஓட்டுநர் உள்ளே வந்து, அனுபவப்பட்ட ஆள், ஒரு பார்வையில் எல்லாவற்றையும் அளந்தார். "அம்மா, அங்க மின்சார மேடை. இரும்புச் சாமான் எதையும் உள்ள விட மாட்டாங்க. அந்த ஊசி ரெண்டையும் மட்டும் உருவிடுங்க."

பெரியவள் ஊசியில் கை வைத்தாள்.

"உருவாதம்மா" என்று மகள் எழுந்து வந்தாள். "பின்னின கண்ணி அத்தனையும் அவுந்துடும்."

"அவுந்தா என்னடி? எப்படியும் எரியப் போறது..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"பிடிக்கலன்னா சித்தியே அவுத்துடும். அத்தனையும் அவுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கும்" என்றாள் மகள். "தானா அவுந்துபோக விட்டதில்ல."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். முனை மழுங்கிய ஒரு தையல் ஊசியும் கொஞ்சம் சிவப்பு நூலும் கொண்டுவந்தாள். "கண்ணியெல்லாம் இந்த நூலுக்கு மாத்திட்டா அந்த ஊசிய எடுத்துடலாம். ஒரு ஆள் பிடிச்சுக்கணும்."

யாரும் நகரவில்லை. அவள் கேட்டது யாரை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெரியவள் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சொடுக்கின.

"இப்படிப் பிடி. கட்டை விரல் மேல. இழுக்காத, சும்மா தாங்கினாப் போதும்."

"இப்படியா?"

"ம்."

மகள் ஒரு கண்ணியை எஃகு ஊசியின் முனைக்குத் தள்ளினாள், அதற்குள் சிவப்பு நூலை நுழைத்தாள், விட்டாள். அடுத்தது. அவள் விரல்கள் அவசரப்படவில்லை. தன் வயிற்றில் பிறந்த விரல்கள் இப்படி நடக்கும் என்று பெரியவளுக்கு இதுவரை தெரியாது. கற்றுக்கொடுத்தவள் பக்கத்திலேயே கண் மூடிப் படுத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது பழைய எரிச்சல் அப்படியே வந்தது, குறையாமல்.

"யாருக்குடி இது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. நான் படிக்கறப்ப கை சும்மா இருக்கக் கூடாதுன்னு பின்னும்."

"ஸ்வெட்டர் இல்லையா?"

"ஸ்வெட்டர் இல்ல, ஒண்ணும் இல்ல."

யாருக்காகவாவது பின்னியிருந்தால் அவளோடு மனசுக்குள் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். பெரியவள் கம்பளியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். மிருதுவாக இருந்தது. மகளின் தலை குனிந்திருந்ததால் அவள் மயிர் இவள் கன்னத்தில் உரசியது. எந்த எண்ணெய் தேய்க்கிறாள் என்றுகூட இவளுக்குத் தெரியவில்லை. வாசனை புதிதாக இருந்தது.

வாசலில் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பெரியவளின் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? அங்க நமக்குக் கொடுத்த நேரம் தாண்டிடும்மா. அப்படியே விட்டுட்டு எழுந்திரு."

நாற்காலி போட, கதவைத் திறக்க, வழி விடச் சொல்ல, எல்லாவற்றுக்கும் முதலில் எழுகிறவள் அவள்தான். கொழுந்தன்கூட அவளையே பார்த்தான்.

"இருங்க" என்றாள், நிமிராமல். "இன்னும் கண்ணி இருக்கு."

மகளின் கை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. ஊசியின் ஓரத்தில் ஒரு கண்ணி நழுவிக் கீழே இறங்கப் பார்த்தது. பெரியவள் அதனடியில் சுண்டுவிரலைக் கொடுத்து, சிவப்பு நூல் அங்கே வந்து சேரும்வரை அசையாமல் இருந்தாள்.