ரிலீவர் வரும்வரை

எனக்கு வாய் நீளம். யாரைக் கண்டாலும் புத்தி சொல்லத் தோன்றும். கோயில் கைங்கர்யத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் என் அகத்துக்காரர் ஸம்பத்குமார், "அரவிந்தவல்லி, இன்னிக்கு யாரையும் திருத்திடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். அவர் திரும்ப ராத்திரி ஆகிவிடும்; அதுவரை திருத்துவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. பேச்சில்லாத வீடு என்னைத் தின்றது. அதனால்தான் திருவள்ளூரில் மருந்துக் கடை மாடியில் இருக்கும் இந்தத் தற்கொலைத் தடுப்பு மையத்துக்குப் போன் எடுக்க வந்தேன். இங்கே முதல் விதியே, புத்தி சொல்லக் கூடாது என்பது. நல்ல இடமாகப் பார்த்துத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

மற்ற விதிகளும் உண்டு. நம் கதையை அளக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. அழைத்தவர் வைப்பதற்கு முன்னால் நாம் போனை வைக்கக் கூடாது.

அன்று நல்ல மழை. என் முறை முடிகிற சாயங்கால நேரம். அடுத்து உட்கார வேண்டிய ஹெலனைக் காணோம். பஸ் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும். மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

வயதான ஆண் குரல். பெயர் பாக்கியநாதன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை.

"எதுக்குப் பண்ணேன்னு எனுக்கே தெர்லம்மா. ஆஸ்பத்திரி செவுத்துல இந்த நம்பரு இருந்துச்சு."

"உயிரை விட்டுடலாம்னு தோணறதா, ஐயா?"

நேராகக் கேட்கத்தான் சொல்லித்தந்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அந்தப் பக்கமும் மழைச் சத்தம். "ஆமாம்மா. இன்னிக்கே" என்றார்.

எத்தனை முறை கேட்டாலும் பழகாத பதில் அது. உள்ளே இருக்க வேண்டாம், கதவைத் திறந்து வாசல் பக்கம் வந்து உட்காருங்கள் என்றேன். நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது.

"என்ன நடந்தது, ஐயா?"

"ஒன்னியும் நடக்கல. அதான் பேஜாரு. வேலைல இருந்தப்போ, நான் போற வரிக்கும் அங்க ஒருத்தன் எழுந்துக்க முடியாம குந்திகினு இருப்பான். எனுக்காவ. மழையோ புயலோ, நான் போயே ஆவணும். இப்போ நான் வர்லன்னா யாருக்கு இன்னா?"

சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றையும் சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"செரிம்மா. காது குடுத்துக் கேட்டதுக்குத் தாங்க்ஸு. வச்சிடறேன்."

பதறிப்போனேன். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "இந்த ஹெலனை வேற இன்னும் காணோமே!"

தலையில் அடித்துக்கொண்டேன். சாகப் போகிறேன் என்கிறவரிடம் பேசுகிற பேச்சா இது?

"யாரும்மா ஹெலனு?"

"எனக்கு அப்புறம் இங்க உட்கார வேண்டியவ."

"ரிலீவரா?" குரலே மாறிவிட்டது. "ரிலீவர் வராம நீ ஒண்டியாவா கீற?"

"ஒண்டிதான்."

"த்தோடா! இத்த மொதல்லயே சொல்றதில்ல? பாய்லர் எரியறப்போ ரிலீவர் வராம எழுந்துக்கக் கூடாது. ஒண்டி ஆள வுட்டுட்டு இன்னோர்த்தனும் கெளம்பக் கூடாது. அவ வர்ற வரிக்கும் நான் லைன்ல கீறேன்."

டீ குடித்தேனா, மாடியில் விளக்கு இருக்கிறதா என்று விசாரித்தார். பாய்லரில் தண்ணீர் மட்டம் பார்ப்பது எப்படி என்று பாடமே நடத்தினார். நான் எதற்கும் குறுக்கே பேசவில்லை. ஸம்பத்குமார் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அப்போது கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து ஹெலன் நின்றாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

"கதவு சத்தம் கேட்டுதே. வந்துட்டாளா?"

"இல்லை, காத்து" என்றேன். துளிக்கூடக் கூசவில்லை.

"ஐயா, உங்களுக்கு ரிலீவர் யாரு?"

"அன்புராஜு. ஆரம்பாக்கத்துப் புள்ள. தங்கம்."

"அவர் லேட்டா வந்தா திட்டுவேளா?"

"சேச்சே. அவனுக்காவ டபுள் டூட்டியே பாத்துகீறேன்."

"உங்களுக்காக அவர் பார்க்க மாட்டாரா?"

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ள கீது. அவன ஏன் இதுல இஸ்துகினு..." என்று இழுத்தார். நான் விடவில்லை, அவரைக் கூப்பிடட்டுமா என்று நேராகவே கேட்டேன். கடைசியில் நம்பரைச் சொன்னார். நான் உரக்கத் திருப்பிச் சொல்ல, ஹெலன் இன்னொரு போனில் கூப்பிட்டாள்.

அன்புராஜ் மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்வரை நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். பிறகு போனுக்குள் பைக் வந்து நிற்கும் சத்தம்.

"அண்ணே! எழுந்துக்க. நான் வந்துட்டேன்."

பாக்கியநாதன் வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. அன்புராஜ் போனை வாங்கி, "ராத்திரி அண்ணன் எங்கூட்லதான் மேடம். காலைல நானே டாக்டராண்ட இட்டுகினு போறேன்" என்றான்.

போன் மறுபடியும் அவர் கைக்குப் போனது.

"உன் ரிலீவர் வந்தாளாம்மா?"

இனியும் பொய் வேண்டாம். "அப்பவே வந்துட்டா, ஐயா."

"அப்பவேவா? அப்போ நீ ஏன் ஊட்டுக்குப் போவல?"

நம் கதையை அளக்கக் கூடாது. ஹெலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எனக்காக யாரும் காத்துண்டிருக்கலை, ஐயா" என்றேன்.

அந்தப் பக்கம் மழை விட்டிருந்தது போல. அவர் மூக்கை உறிஞ்சுவது தெளிவாகக் கேட்டது.

"செரி. நாளிக்கு டாக்டரப் பாத்துட்டு வந்து, இதே டைமுக்குப் பண்றேன். இருப்பியா?"

நாளைக்கு எனக்கு முறை கிடையாது.

"காத்துண்டிருக்கேன்" என்றேன்.