மூணாவது சிலிண்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். சந்தேகம் அதுக்கும் ஒரு அடி முன்னாடி நிக்கும். "ஒன்கிட்ட யாரும் சும்மா சிரிக்கக்கூட ஏலாதுடி"ன்னு எங்கம்மாவே சொல்லும். அதனால இப்திகார் நானாவ நான் சந்தேகப்பட்டதுல பெரிய அதிசயம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தத் திங்கக்கிழமை நான் என் கண்ணால பார்த்தேன்.

பல்லேகலப் பக்கம் எங்க கம்பனிக்கு ஒரு சின்ன ஓடுபாதை, விமானம் நிறுத்துற ஒரு ஹேங்கர், ரெண்டு எஞ்சின் வச்ச ஒரே ஒரு குட்டி விமானம். தேயிலைத் தோட்டங்கள மேலேருந்து படம் எடுத்துக் குடுக்கிறது வேலை. நானும் இப்திகார் நானாவும் அதுக்கு மெக்கானிக். முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். ஹந்தானையிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்தாலும் நான்தான் எப்பவும் முதல் ஆள். அன்னைக்கு ஏழு மணிக்குப் போனா, அவர் எனக்கு முன்னாடியே வந்து வலது எஞ்சின் மூடியத் திறந்து, டோர்ச் அடிச்சுக் குனிஞ்சிட்டு நின்னாரு. என் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடியச் சாத்தினாரு. கையில இருந்த துணிய மடிச்சுக் காற்சட்டை பொக்கெட்டுல வச்சாரு.

வேலைத் துணிய யாரும் பொக்கெட்டுல வைக்க மாட்டாங்க. அதுக்குன்னு செவப்பு டின் இருக்கு. என்ன நானா பார்க்கிறீங்கன்னு கேட்டேன். சும்மா எண்டாரு. முகத்தப் பார்க்கல.

ஒம்பது மணிக்கு பைலட் தினேஸ் ஹேவாஹெட்டப் பக்கம் படம் எடுக்கப் பறந்தாரு. இருவது நிமிஷத்துல திரும்பிட்டாரு. வலது எஞ்சின் குலுங்கி, மலைக்கு மேல சக்தி விட்டு விட்டு வந்திருக்கு. எறங்கினவரு தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு உக்காந்துட்டாரு. அதப் பார்த்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. அந்த எஞ்சின் பிளக் எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினது இப்திகார் நானா. புத்தகத்துல அவர் கையெழுத்துதான் இருக்கு.

நேரா முஹைதீன் சேர் ஒபிஸுக்குப் போனேன். அவர் எங்க தலைமை எஞ்சினியர். அவரும் நானாவும் அக்குறணைக்காரங்க, ஒரே பள்ளிவாசல். சேர் பூசி மெழுகப் போறாருன்னு நினைச்சுத்தான் காலையில பார்த்தத ஒண்ணு விடாம சொன்னேன். சேர் ஒரு கேள்வியும் கேக்கல. சர்மிளா, நீ பொய் சொன்னது இல்லைன்னுட்டு, விமானத்துல கை வைக்கக் கூடாதுன்னு நானாகிட்ட அப்பவே சொல்லிட்டாரு. புதன்கிழமை பகல் பன்னெண்டுக்குக் கொழும்புக்கு ரிப்போட் போகணும். அதுல பேர் போனா வேலை சரின்னு கையெழுத்துப் போடுற நானாவோட அதிகாரம் போயிரும். ஆறு வருஷம் சோதனை எழுதி எழுதி வாங்கினது அது.

எனக்குப் பாவமா இல்ல. சொல்லப்போனா உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. காரணம் வெள்ளிக்கிழமை நடந்தது. அன்னைக்கு ஆயுத பூசை. ஹேங்கர் கூட்டுற அழகம்மா அக்கா பன்னீர் விட்டுச் சந்தனம் குழைச்சுக் கொண்டாந்தாங்க. நான் கிண்ணத்தோட வலது எஞ்சின்கிட்டப் போனா, "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, இப்ப வெக்க வேணாம்"னு நானா தடுத்தாரு. இத்தன வருஷமா இல்லாத தடை இப்ப எதுக்குன்னு எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும், மூடி தொறந்து கெடந்த எஞ்சினுக்கு நானே நல்லாக் குழைச்சுப் பொட்டு வச்சேன். சிலிண்டர் சிலிண்டரா வச்சேன், வீம்புக்குத்தான். மூடியயும் நானே சாத்தினேன்.

புதன்கிழமை காலையில கோளாறக் கண்டுபிடிக்கிற வேலை என் தலையில. தினேஸ் உள்ள ஏறி எஞ்சின ஓட்டினாரு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக் உண்டு, ரெண்டுக்கும் தனித்தனிக் கரண்ட் வழி. சுவிட்ச மாத்தி ஒரு வரிசைய நிறுத்தினா மத்த வரிசை ஓட்டும். பிளக் கெட்டிருந்தா ஒரு பக்கத்துல குலுக்கும், மத்தப் பக்கம் சரியா ஓடும். தினேஸ் ரெண்டு பக்கமும் மாத்திக் காட்டினாரு. ரெண்டுலயும் ஒரே குலுக்கல்.

அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், குத்தம் பிளக்குல இல்லைன்னு. இது நாங்க படிச்ச முதல் பாடம். ஆனா நான் நானா பேரோட வந்தவ, அந்தப் பேருக்குத்தான் சாட்சி தேடினேன்.

எஞ்சின நிறுத்தி, புகைக் குழாய் ஒவ்வொண்ணுலயும் தண்ணி தெளிச்சேன். சூடு ஏறின குழாய் தோசைக்கல்லு மாதிரி சுர்ருங்கும். ஒண்ணு, ரெண்டு, நாலு எல்லாம் சுர்ருனு ஆவி விட்டிச்சு. மூணாவது சிலிண்டர் குழாயில தண்ணி சும்மா வழிஞ்சிச்சு. அந்தச் சிலிண்டர் வேலையே செய்யல. அதோட பிளக்குகள ஒண்ணாம் சிலிண்டர் பிளக்குகளோட மாத்திப் போட்டு திரும்ப ஓட்டினோம். பிளக் கெட்டிருந்தா நோவு ஒண்ணாம் சிலிண்டருக்கு மாறியிருக்கணும். மாறல. மூணாவதுதான் திரும்பவும் சில்லுனு கெடந்திச்சு. நானாவோட பிளக் சுத்தமா இருந்ததுக்கு எனக்குக் கோபம் வந்திச்சுன்னா நம்புவீங்களா? வந்திச்சு.

ஹேங்கர் வாசல்ல தரையில போட்ட மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நானா நின்னுட்டு இருந்தாரு. உள்ள வர அனுமதி இல்ல. மாட்டிக்குவோம்னு பயந்து நிக்கிறாரு, நில்லுங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒவ்வொரு சிலிண்டர் தலையிலயும் இருக்கிற, பெற்றோல் தெளிக்கிற நொசில். வெரல் நீளப் பித்தளைச் சாமான். பக்கவாட்டுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, அது வழியாக் காத்து போய்ப் பெற்றோலோட கலக்கணும். மூணாவது சிலிண்டரோட நொசிலக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சேன். ஓட்டை அடைச்சிருந்திச்சு. குளவி மண்ணுன்னு நினைச்சு நகத்தால சுரண்டினேன். மஞ்சளா உதிர்ந்திச்சு. மோந்து பார்த்தேன்.

பெற்றோல் வாடைக்கு அடியில சந்தன வாசம்.

நான் வச்ச பொட்டு. காத்தோட உள்ள இழுபட்டுப் போய் இறுகியிருக்கு. தினேஸ மலை மேல குலுக்கினது நான்தான்.

மணி பதினொண்ணே கால். பக்கத்துல அழுக்குக் கரைக்கிற அசிட்டோன் டின். அதுல ஒரு முக்கு முக்கினா பத்து நிமிஷத்துல பளபளன்னு ஆயிரும், ஒரு ஆளுக்கும் தெரியாது. மூடியக்கூடத் தொறந்துட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு எனக்கே தெரியல.

பெறகு டின்ன மூடிட்டு, நொசில அப்படியே உள்ளங்கையில வச்சுக்கிட்டு மஞ்சக் கோட்டுக்குப் போனேன். நானா அந்த மஞ்சளப் பார்த்தாரு. கேக்காமலே தலைய ஆட்டினாரு.

"மூடியப் போட்ட பொறகு மேல வெக்கச் சொல்லத்தான் நான் பொறுக்கச் சொன்ன" எண்டாரு.

திங்கக்கிழமை என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். எஞ்சின் உள்ள மஞ்சளப் பார்த்திருக்காரு, கண்ணுக்குத் தெரிஞ்சத எல்லாம் தொடச்சிருக்காரு. மூணாவதுல உள்ள போனது அவருக்குத் தெரியல. அத ஏன் புத்தகத்துல எழுதலன்னு கேட்டேன், கொஞ்சம் அதட்டலாவே.

"எழுதாதது என்ட பிழைதான். என்னண்டு எழுதிற? பூசைச் சந்தனத்த இப்திகார் தொடச்சான் எண்டா? ஒங்களுட்டச் சொன்னாலும் நீங்க வேற மாதிரி எடுப்பீங்க எண்டு நான் பயந்த."

சொல்லாதப்பவே அப்படித்தான எடுத்தேன்.

அந்தத் துணி எங்கன்னு கேட்டேன். அவருக்கு வெக்கமா இருந்திருக்கணும், கீழ பார்த்துட்டே சொன்னாரு.

"வீட்டுல அலுமாரிக்கு மேல ஈக்கி. சாமி சந்தனம்தானே தங்கச்சி. எண்ணெத் துணியோட டின்னுல போட மனசு வரல்ல."

நொசிலோட நேரா ஒபிஸுக்குள்ள போனேன். சேர் முன்னாடி ரிப்போட் டைப் அடிச்சு ரெடியா இருந்திச்சு, நானா பேரோட. அது மேல நொசில வச்சேன். மோந்து பாருங்க சேர்னு சொன்னேன். அவர் மோந்துட்டு என்னைப் பார்த்தாரு, அப்புறம் பேனாவ எடுத்து அந்தப் பேர வெட்டினாரு.

என் பேர நானே எழுதினேன்.