ஜோடி ரேம்

பினாங்கிலிருந்து முடிவு வரும்வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் யோகேஸ்வரி கணினிக்கு ரேம் வாங்கக் கிளம்பினாள்.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சுங்கை பட்டாணியில் ஒரு டயலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று தடவை போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். கணவன் திவாகரன் தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிற அவன், சம்பளமில்லா விடுமுறை எடுத்து எடுத்துப் பினாங்கு மருத்துவமனையில் ஒவ்வொரு சோதனையாக முடித்திருந்தான். ரத்த வகை ஒத்துப்போனது. இதயம் சரி, சர்க்கரை இல்லை. இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ரத்தம் கொடுத்தாகிவிட்டது.

நோய் வருமுன் யோகேஸ்வரி குலிம் தொழிற்சாலையொன்றில் டெக்னீஷியன். மின்னணுப் பலகைகளைச் சூட்டில் வைத்து, வேகத்தை ஏற்றி, எந்த இடத்தில் அவை தோற்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். டயலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி கைப்பேசியில் பார்த்த காணொளிகளில், வீட்டுக் கணினியின் ரேமையும் அப்படிக் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டலாம் என்று தெரிந்துகொண்டபோது பழைய ஆசை கிளம்பிவிட்டது. ஓவர்கிளாக் என்ற சொல்லைத் திவாகரனுக்கு விளக்கிச் சொன்னாள். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் எதையாவது ஆசையாகப் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது. மறுநாளே ரஃபியின் கணினிக் கடைக்குக் காரை விட்டான்.

ரஃபி பழகியவன்தான். இருந்தாலும் அவர்கள் உள்ளே நுழைந்ததும் திவாகரனைப் பார்த்துத்தான் பேசினான்.

"வாங்கண்ணே. என்னா ஸ்பீடு வேணும்?"

"என்னைக் கேக்காத. அக்காவைக் கேளு," என்றான் திவாகரன்.

யோகேஸ்வரி கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். "நாலு ரேம் ஸ்டிக் போட்டு ஸ்பீடு ஏத்தலாம்னு பாக்கறேன் ரஃபி. அந்த லைட் எரியறது."

"மொத தடவை ஏத்திப் பாக்கறீங்களாக்கா? அப்ப நாலு வேணாம்லா. நாலு போட்டா மதர்போர்டு திணறும், ஸ்பீடு ஏறாது. ரெண்டு போதும்."

"வீட்ல ஒன்னு இருக்கு. அதே மாதிரி இன்னொன்னு வாங்கிச் சேத்துக்கட்டா?"

"அத மட்டும் செய்யாதீங்க. மேல பேரு ஒன்னா இருக்கும், உள்ள சிப்பு வேறயா இருக்கும். சும்மா ஓட்டினா ஓடும். ஏத்தினா அடிச்சிக்கும். ஒரே பெட்டில ஜோடியா வர்றதுதான் எடுக்கணும்."

அவனிடம் இரண்டே பெட்டிகள்தான் இருந்தன. "ஏஐ கம்பெனிக்காரனுங்க எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறானுங்கக்கா. வெலையும் ஏறிப்போச்சு, சாமானும் வர்றதில்ல. ரொம்ப சுசா, கஷ்டந்தான்," என்று அலுத்துக்கொண்டான்.

ஒன்று உயரமாக, விளக்குகளோடு மின்னியது. மற்றது வெறும் கறுப்புத் தகடு. யோகேஸ்வரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளக்கு வைத்தது, கணினிக்குள் இருக்கும் பெரிய குளிர்விசிறியில் இடிக்கும். கறுப்பு குட்டையானது, வேகம் அதே வேகம், ஆனால் தாமதத்தைக் குறிக்கும் எண் அதில்தான் குறைவு. தன் மதர்போர்டுக்கு ஒத்துப்போகும் ரேம்களென்று கம்பெனி போட்டிருந்த பட்டியலைக் கைப்பேசியில் திறந்து பெயரைத் தேடினாள். கறுப்பின் பெயர் இருந்தது.

"இதான்," என்றாள். முகத்தில் பழைய டெக்னீஷியன் தெரிந்தாள்.

"நல்லதா எடுத்தீங்க," என்றான் ரஃபி. "ஆனா ஏத்தறதுக்கு முன்னால படம் கிடம் எல்லாத்தையும் வேற எடத்துல காப்பி பண்ணிருங்க. ரேம் தப்பு பண்ணா உள்ள இருக்கிற பைலு கெட்டுப்போயிரும்."

பாக்கார் ஆராங்கில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்கள். பழைய படங்களை ஒவ்வொரு கோப்பாக வெளியே செருகும் வட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது யான் ஊர்க் கடற்கரையில் எடுத்த படம் வந்தது. யோகேஸ்வரி மேடிட்ட வயிற்றில் கை வைத்துக்கொண்டு, காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் எடுத்துச் சில வாரங்களில் ரத்தக் கொதிப்பு எகிறி, குழந்தை வயிற்றிலேயே இறந்து, அவளையாவது காப்பாற்ற வேண்டுமென்று மருத்துவர்கள் ஓடியாடினார்கள். அதற்குப் பிறகு அவள் சிறுநீரகங்கள் தேறவேயில்லை. குழந்தை பெண்.

திவாகரன் அந்தப் படத்தைத் தாண்டிப் போகப் பார்த்தான்.

"அதையும் காப்பி பண்ணுங்க," என்றாள் யோகேஸ்வரி.

பிறகு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். அவளுடைய இடது கையில் டயலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கடியில் கயிறு போலப் புடைத்திருக்கும், தொட்டால் அதிரும். அந்தக் கையால் எதையும் அழுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் யோகேஸ்வரி சொல்லச் சொல்ல, திவாகரன்தான் ரேமைப் பொருத்தினான்.

"மொதல்ல அந்த இரும்பைத் தொடுங்க. ஒடம்புல கரண்டு இருந்தா போயிரும். ஆங். ரெண்டாவது குழி, நாலாவது குழி. பக்கத்துப் பக்கத்துல இல்ல."

"ஒடைஞ்சிரப் போவுதுடி."

"ஒடையாது. பிலான் பிலான், மெதுவா அழுத்துங்க. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேக்கணும்."

போர்க்லிப்டில் டன் கணக்கில் தூக்குகிற மனிதன், விரல் நீளத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்தான். டக்கென்று சத்தம் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நன்றாக இருந்தன. முதலில் ரேம் கம்பெனியே குறித்துவைத்திருந்த வேகத்துக்கு மாற்றினாள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஏற்றும்போதெல்லாம் திரை கறுத்துப்போய், வருமா வராதா என்று காக்க வைத்துவிட்டுத் திரும்ப வரும். பிறகு சோதனை நிரல் ஓட வேண்டும். ஒரு தப்பும் வராவிட்டால் அடுத்த படி. ஓரிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாகத் தப்புகள் கொட்டின. மின்னழுத்தத்தை ஒரு சிட்டிகை கூட்டிப் பார்த்தாள். தப்பு குறைந்தது, போகவில்லை. ஒரு படி இறங்கினாள். சோதனை மதியம் முழுவதும் ஓடி, சுத்தமாக முடிந்தது.

"இவ்வளவுதான் இது தாங்கும்," என்றாள். "இதுக்கு மேல கேக்கக் கூடாது."

"இப்ப என்னா வித்தியாசம்?"

"ஒன்னும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்."

அன்று அவள் சாப்பாட்டில் உப்பில்லை என்று முணுமுணுக்கவில்லை. மாற்று அறுவை முடிந்ததும் குலிமில் திரும்ப வேலை கேட்கலாமா என்று கேட்டாள். கேட்கலாமே என்றான் அவன். ஆப்பரேஷனுக்குப் பின் எத்தனை மாதம் வீட்டில் இருக்க வேண்டும், முதலில் யாருக்கு நடக்க வரும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். இருவரும் நேரில் வர வேண்டும்.

மருத்துவர் தமிழ்ப் பெண்தான். அவர்களை உட்காரச் சொன்னதும் கதவைத் தானே எழுந்து சாத்தினார். அதைப் பார்த்ததுமே திவாகரனுக்குத் தெரிந்துவிட்டது.

"இவங்க ரத்தத்துல உங்களுக்கு எதிரா வேலை செய்யற பொருள் நெறைய இருக்கு," என்றார் அவனிடம். "உங்க கிட்னியை வச்சா, ஒடனே அதைத் தாக்கிடும். வைக்க முடியாது."

"அது எப்படி டாக்டர்? ரத்த குரூப்பு ஒன்னுதானே?"

"குரூப் வேற, இது வேற." அவர் யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீங்க கர்ப்பமா இருந்திருக்கீங்க இல்லையா? பிள்ளைகிட்ட அப்பாவோட பாதி இருக்கும். அது அம்மா ரத்தத்துல கலக்கறப்ப, சில பேரோட ஒடம்பு அதை வெளியாளுன்னு நெனைச்சு, எதிர்க்கக் கத்துக்கும். ஒரு தடவை கத்துக்கிட்டா மறக்காது. பிரசவத்தப்ப வேற உங்களுக்கு நெறைய ரத்தம் ஏத்தியிருக்காங்க, அதுலயும் இது கூடும்."

யோகேஸ்வரி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொறைக்க மருந்து கிருந்து இல்லையா?" என்று கேட்டான் திவாகரன்.

"கொஞ்சமா இருந்தா முயற்சி பண்ணலாம். இவங்களுக்கு இருக்கிற அளவுக்கு நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். தப்பா போயிரும்."

"வேற யாராச்சும் கொடுத்தா?"

"பார்க்கலாம். காத்திருப்புப் பட்டியல்லயும் பேரு இருக்கு. ஆனா இந்த ரத்தத்துக்குப் பெரும்பாலான கிட்னி ஒத்துக்காது. பொய் சொல்ல விரும்பல. டயலிசிஸை ஒழுங்கா செஞ்சுக்குங்க. அதுல நெறைய வருஷம் இருக்கிறவங்க இருக்காங்க."

திரும்பி வரும்போது பினாங்குப் பாலத்தில் நல்ல மழை. சுங்கை பட்டாணி டோல் சாவடிக்கு முன்னால் யோகேஸ்வரி திடீரென்று சொன்னாள்:

"பிள்ளை என்னா செஞ்சிச்சு? பாவம். அதைக் குத்தம் சொல்லாதீங்க."

"நான் ஒன்னும் சொல்லலியே யோகேஸ்."

"மனசுல நெனைச்சீங்க."

திவாகரன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான். "நெனைச்சேன்," என்றான். "ஒரு நிமிஷம்தான்."

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றாமல் கணினியின் முன் போய் உட்கார்ந்தாள். வேகத்தை எடுத்த எடுப்பில் உச்சத்துக்கு ஏற்றினாள். மின்னழுத்தத்தையும் ஏற்றினாள், படிப்படியாக இல்லை, ஒரேயடியாக. திவாகரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு தாங்காதுன்னு நீதான சொன்ன?"

"பாப்போம்."

திரை கறுத்தது. விசிறிகள் சுற்றின, நின்றன, திரும்பச் சுற்றின. திரை வரவேயில்லை.

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு. கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா, மனசுல வச்சிருக்கிறதையெல்லாம் மறந்துட்டு மொதல்லேந்து எந்திரிக்கும்." சுவர்ப் பிளக்கை அணைத்தாள். "வேணாம், விடுங்க."

கணினியின் மேல் தூசி படிந்தது. அவள் டயலிசிஸுக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். பண்டார் பாருவில் இருக்கும் தன் அண்ணனிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாள் திவாகரன் ஆரம்பித்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். "இன்னொருத்தரு வீட்டுக்குப் போயி கை நீட்டி, அதுவும் ஒத்துக்காதுன்னு கேக்கணுமா? எனக்குத் தெம்பு இல்லீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, திவாகரன் தானே ஒரு காணொளியைப் போட்டுப் பார்த்து, அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றினான். தேநீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் பொருத்தினான். திரை வந்தது. அவள் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"வந்திருச்சு," என்றான் அவன். குழந்தை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்தாள். இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ரேம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு பொறுமையாகத் தேடிப் பிடித்த எண்கள் எல்லாம் அவளுக்கு நினைவிலிருந்தன. ஒருமுறை விசையைத் தட்டினால் கம்பெனி குறித்த வேகமாவது வரும். அதையும் தட்டவில்லை. எதையும் மாற்றாமல் வெளியே வந்தாள்.

"ஏத்தலயா?"

"எதுக்கு? ஓடிட்டுப் போவுது."

"நல்லதா பாத்துப் பாத்து வாங்கினியே."

"நல்ல ரேம்தான்," என்றாள். "அதுல ஒன்னும் கொறை இல்ல."

அடுத்த டயலிசிஸ் நாளில் திவாகரன் விடுமுறை எடுத்தான். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா பக்கத்தில் இருக்கலாம் என்று சொன்னான். ஆனால் நோயாளிகள் இருக்கும் அறைக்குள் துணைக்கு வந்தவர்களை விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

நர்ஸ் இரண்டு ஊசிகளையும் ஏற்றினாள். குழாய்களில் ரத்தம் ஓடத் தொடங்கியது. யோகேஸ்வரி தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். முதல்நாள் நள்ளிரவு வரை ஷிப்ட் பார்த்திருந்தவன், சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தான்.

"எழுப்பட்டா அக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வேணாம்," என்றாள் யோகேஸ்வரி. "நேரம் கெடக்கு. தூங்கட்டும்."