வலப்பக்கத் தகடுகள்

பட்டறையில் டிராயிங் போடும் செவ்வந்தி, வாசலில் குவிந்து கிடந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நெல் அறுக்கும் இயந்திரத்தின் வாய்க்கு இரண்டு பக்கமும் பொருத்த வேண்டியவை. பாதி இடதுக்கு, பாதி வலதுக்கு. அத்தனையும் வலதுக்கே மடித்து வைத்திருந்தார்கள், பாவிகள். நன்னிலம் பக்கம் குறுவை தலைசாய்ந்து நிற்கிறது, வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது, இங்கிருந்து ஒரு அறுப்பு வண்டிகூட வெளியே போகாது.

கணினியைத் திறந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி டிராயிங்கில் பாகப் பட்டியலைப் போட்டால் மென்பொருள் தானாகக் கொடுப்பது நாலே கட்டம்: வரிசை எண், பாக எண், விவரம், எண்ணிக்கை. இடத்தகட்டுக்கும் வலத்தகட்டுக்கும் ஒரே பாக எண் போடுவது இந்தப் பட்டறையின் பழக்கம்; எது எந்தப் பக்கம் என்று அந்த நாலு கட்டத்தில் தெரியாது. அதனால்தான் வேலைக்குச் சேர்ந்ததுமே 'பக்கம்' என்று ஒரு கட்டம் சேர்த்து, எல்லாப் பட்டியலும் அதோடே வரும்படி ஒரு படிவம் செய்து வைத்திருந்தாள். அவள் லீவில் இருந்தபோது முதலாளியின் அக்கா மகன் பிரபு அதைத் தூக்கிவிட்டு, மென்பொருளோடு வந்த மூலப் படிவத்தையே வைத்துவிட்டான். "இப்பதான் பாக்க நீட்டா இருக்கு" என்று காலையில் அவனே பீற்றிக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்டானா? அவ்வளவு திமிர்.

முதலாளி துரைக்கண்ணு கட்சிக் கரைவேட்டியோடு உள்ளே வந்ததும் பிரபு முந்திக்கொண்டான்.

"மாமா, டிராயிங் இவளோடது. தப்பும் இவளோடதுதான்."

"கட்டத்த எடுத்தது யாருன்னு கேளுங்க சார்."

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? ஒங்கப்பன் எங்க வயல்ல அறுத்துக்கிட்டு இருந்தவன்தானே?"

வெல்டிங் சத்தம் நின்றுபோனது. செவ்வந்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"அறுத்தாரு. எடக்கை எது, வலக்கை எதுன்னு தெரிஞ்சு அறுத்தாரு."

துரைக்கண்ணு கையமர்த்தினார். "விடும்மா. அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. ஆர்டர் குடுத்த பார்ட்டி வந்தா டிராயிங்ல பிசகுன்னு நீயே சொல்லிடு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. முதல்ல அந்தக் கட்டத்தத் திரும்பப் போடு."

வேலை இருக்கும், சரி. இடம் வலம் தெரியாதவள் என்று தஞ்சாவூர்ப் பட்டறைகள் முழுக்கப் பேர் நாறிப்போனால் அதை எந்தத் தண்ணீரில் கழுவுவது? கரைவேட்டிக்காரர் எவ்வளவு நைசாகப் பேசுகிறார், பாருங்கள். அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். 'பக்கம்' கட்டத்தைச் சேர்த்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று சேர்த்தாள்: 'மாற்றியவர்.' ஒவ்வொரு வரியிலும் அதில் 'பிரபு' என்று வரும்படி செய்தாள். தன் படிவத்தில் அல்ல, இந்தத் தடவை மூலப் படிவத்தின் மேலேயே சேமித்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தாள்.

முதல் தாளை எடுத்த வெல்டர் நெடுஞ்செழியன் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டார். பிரபு தாளைப் பிடுங்கிப் பார்த்தான்.

"எடுறி அத!"

செவ்வந்தி எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்களே எடுங்க. முன்ன எடுத்தீங்கல்ல?"

உட்கார்ந்தான். முன்பு செய்ததையே செய்தான். மூலப் படிவத்தைத் தேடி அழுத்தினான். பட்டியல் ஒருமுறை மறைந்து, மறுபடி வந்தது. பிரபு, பிரபு, பிரபு என்று மேலிருந்து கீழ்வரை. மறுபடி அழுத்தினான். வெளியே தகடுகளின் மேல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவற்றை மூடி வைக்க ஒருவரும் எழுந்து போகவில்லை, எல்லாரும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.