பெயர் சொல்லாமல் விற்ற வீடு

ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஊருக்கு ஓடிவந்தவர்களில் வெள்ளத்துரையும் ஒருவன். அங்கே சீனர்களுக்கு வீடு முடித்துக் கொடுக்கும் தரகு அவன் தொழில். அதனால், அவனைப் போலவே பர்மாவிலிருந்து தப்பி வந்த பல் வைத்தியர் லிம்மும் அவர் மனைவி சூ லானும் அருப்புக்கோட்டையில் வீடு தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் மனசு துள்ளியது. திருச்சுழி சாலையில் அவனுடைய வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள். அவனுடைய மூத்த தாரம் கஸ்தூரி கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்த வீடு அது.

கால் வழுக்கி விழுந்தாள் என்பது ஊர்ப்பேச்சு. அன்று காலையில் அவளிடம் தான் சொன்ன சொல் எது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

சீனர்களுக்கு என்ன ஆகும், ஆகாது என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். நான்கு என்ற எண் அவர்கள் பாஷையில் சாவு மாதிரி ஒலிக்கும். நிலையில் இருந்த நாலாம் நம்பர் தகரத்தைக் கழற்றி எறிந்தான். வெள்ளை துக்கத்தின் நிறம். சுவருக்குக் காவி அடித்தான். கிணற்றை மண் போட்டு மூடி, மேலே முருங்கைக் கொம்பு நட்டான்.

பத்திரம் முடிந்து குடிபோன அன்று அவனையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரும் உட்காராத ஓர் இடத்தில் சூ லான் ஒரு கிண்ணம் சோறு வைத்து, ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு, இரண்டு பேருக்கும் தெரிந்த பர்மிய பாஷையில் கேட்டாள்: இந்த வீட்டில் முன்னால் செத்தவர்கள் யார், பெயர் என்ன? பெயர் சொல்லி அழைத்தால்தான் சாப்பிட வருவார்களாம். பசியோடு இருப்பவர்களுக்குப் பக்கத்தில் தங்களால் தூங்க முடியாதாம்.

"அப்படி யாருமில்லை" என்றான் வெள்ளத்துரை.

அவள் கிண்ணத்தை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் கிணற்று மண் வாசம் அடித்தது. சில நாளில் ஆள் பாதியாகி, வெயில் கொளுத்தும் உச்சிவேளையில் மறுபடி அந்த வீட்டுக்குப் போனான். சூ லானிடம் பெயரைச் சொன்னான். என் கையால் ஒருதரம் கஸ்தூரிக்குப் படைத்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினான்.

சூ லான் கோபப்படவில்லை. வாசல் நிலையை விட்டு நகரவும் இல்லை. கேட்டபோது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டுப் பெண்ணாக வைத்துச் சோறு போட்டிருப்போம்; நீ யாருமில்லை என்று சொல்லிவிட்டுப் போனதும், பெயர் தெரியாத ஆவி என்று வாசலில் வெடி கொளுத்தி வெளியே அனுப்பிவிட்டோம்; அனுப்பியவளை மறுபடி உள்ளே கூப்பிட முடியாது என்றாள்.

"எங்க போயிருப்பா?"

தெரியாது என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து, நிறைமாசமாக இருந்த இளைய தாரம் பொன்னுத்தாயிடம் எல்லாவற்றையும் கொட்டினான். கஸ்தூரி செத்த அன்று காலையில் அவளிடம் சொன்ன சொல்லைக்கூட மறைக்கவில்லை. பொன்னுத்தாய் அழவில்லை. சேலைகளை மடித்து மூட்டை கட்டினாள்.

"தாலி கட்டுனவளையே யாருமில்லன்னு சொன்னவுக, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா மட்டும் பேரச் சொல்லுவீகளா?"

குமாரலிங்கபுரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு வண்டி கிளம்பியது. புழுதி அடங்கும்வரை வெள்ளத்துரை தெருவில் நின்றான். ஆளில்லாமல் திறந்து கிடந்த வீட்டுக்குள் அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே போகவில்லை.