வலது பக்கம் கனமானவர்களுக்கு

நகரி முனிரத்தினத்தின் வேனில் யார் எங்கே உட்காருவது என்பதை அவரவர் எடைதான் தீர்மானிக்கும். புது மருமகள் ஹரிதாவுக்கு இது கல்யாணத்துக்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நாலு கிலோ ஏறிவிட்டே தாலிக்குக் கழுத்தை நீட்டியிருப்பாள்.

அந்தக் கிழட்டு வேன் ரொம்ப வருஷமாக இடது பக்கமே இழுக்கும். கொஞ்சம் அசந்தால் ரோட்டோரப் புளியமரத்தைக் குசலம் விசாரிக்கப் போய்விடும். மெக்கானிக் கடையில் காட்டச் சொன்னால் மாமனாருக்குப் பொல்லாத கோபம் வரும். அவரிடம் சொந்த வைத்தியம் இருந்தது: கனமானவர்கள் வலது பக்கம், ஒல்லிகள் இடது பக்கம். உள்ளே இரண்டு ஓரத்திலும் எதிரும் புதிருமாக நீள சீட்டு. வலது சீட்டில் மாமியார் சந்திரம்மாவும் அவள் பிள்ளை, அதாவது ஹரிதாவின் புருஷன் சுனிலும். இரண்டு பேருமே நல்ல வாட்டசாட்டம். இடது சீட்டில் ஹரிதாவும் புளிசாதத் தூக்குவாளியும்.

இப்படியும் ஒரு குடும்பம் உண்டா? வீட்டில் விடிந்தால் தறிச் சத்தம், பொழுது சாய்ந்தால் சொந்தக்காரர் கூட்டம். புருஷனோடு தோள் உரசி உட்கார இந்தத் திருப்பதிப் பயணமாவது வாய்க்காதா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள்.

கிளம்பும்போது சக்கரங்களுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற வேலை மருமகளுக்கு. குனிந்தவள் முன் டயரைப் பார்த்தாள். ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்து கிடந்தது. பெருமாளே, எனக்கு இது போதும் என்று மனசு துள்ளியது.

"அத்தே, இங்க பாருங்க. இந்த டயரோட மலை ஏறினா நம்ம கதி இன்னா?"

சந்திரம்மா புத்தூர் தாண்டியும் புலம்பலை நிறுத்தவில்லை. ரேணிகுண்டா வந்ததும் முனிரத்தினம் தாங்க முடியாமல் ஒரு டயர் கடையில் வண்டியை ஒதுக்கினார்.

கடைக்காரர் நாகேந்திரன் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். பிறகு சக்கரங்களில் கருவியை மாட்டி, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து அடியில் எதையோ முறுக்கினார். திரையில் சிவப்பெல்லாம் பச்சையானது.

"அலைன்மென்ட் எல்லாம் ஓகே அன்னா. ஸ்டியரிங்க சும்மா புடிச்சா போதும், நேரா போவும்," என்றார்.

ஹரிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்ப இனிமே யாரு எங்க வேணா உக்காரலாம் இல்ல மாமா?"

"அதெல்லாம் வேணாம்மா. அவங்கவங்க எடத்துலயே உக்காருங்க."

எல்லாம் போச்சு. தூக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரில் சுனில் பாவமாகப் பார்த்தான்.

திருப்பதி ரோட்டில் ஏறியதும் வண்டி வலது பக்கம், நடுச்சுவரை நோக்கி நகர்ந்தது. முனிரத்தினம் திட்டிக்கொண்டே திருப்பினார். மறுபடியும் அங்கேயே போனது. ஹரிதா அவர் கையைக் கவனித்தாள். வண்டி எங்கும் இழுக்கவில்லை. இத்தனை வருஷமாக ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்தே பழகிய கை இன்னும் ஒடித்துக்கொண்டிருந்தது. மனுஷருக்கே அது தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அதிகமா முறுக்கிட்டான்யா. இப்ப சோத்தாங்கை பக்கம் இழுக்குது," என்றார் அவர். "டேய் சுனிலு, எழுந்து எதிர் சீட்டுக்குப் போடா."

திறந்த வாயை ஹரிதா மூடிக்கொண்டாள்.

தூக்கு மாமியார் மடிக்குப் போனது. சுனில் வந்து பொத்தென்று உட்கார, சீட்டு அவன் பக்கம் அமுங்கி, அவள் தானாகவே சரிந்து அவன் தோளில் முட்டினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா சிரிக்கிற?" என்றான் காதோரம்.

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாருங்க."

போகப் போக முனிரத்தினத்தின் கை பழகியது. வண்டி கோடு போட்ட மாதிரி போனது. "பாத்தீங்களா, எடத்த மாத்தினதும் எப்படி நேரா போவுது," என்று அவர் பெருமையாகத் திரும்பினார். "வர்றப்ப அந்தக் கடையில நிறுத்தி, திரும்பவும் முறுக்கச் சொல்லிடலாம். அப்புறம் நீ பழைய எடத்துக்கே வந்துடலாம்டா."

ஹரிதா சுனிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் எதிர் சீட்டில் முழு நீளத்துக்கும் காலை நீட்டியிருந்த சந்திரம்மா முந்திக்கொண்டாள்.

"கடையும் வேணாம், கிடையும் வேணாம். எனக்கு இதான் சவுரியமா கீது. அவன் அவ பக்கத்துலயே இருக்கட்டும்."